ஈசான்ய மூலையில் கல்யாணம்

ஒன்பதே கால் மணிக்கெல்லாம் முப்பிடாதி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். கோவில்பட்டி வெயிலுகந்தாள் அச்சகத்தில் பத்து மணிக்கு முன்னால் எவருக்கும் கை விளங்காது என்பது ஊரறிந்த சங்கதி. கை விளங்காது. சீ, வாயில வர்ற வார்த்தையைப் பாரு என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டிக்கொண்டாள். மெஷின்காரர்கள் டீக்கடையில் நிற்பார்கள், பத்திரிகை மடிக்கிற பொன்னுத்தாயி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு ஆடி அசைந்து வருவாள், முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி வெள்ளிக்கிழமை பூஜையில் இருப்பார். வாசல் நாற்காலியில் பிச்சைக்கனி பாய் மட்டும் வந்துவிட்டார். அவருக்குக் கண் மங்கல். ஆள் இருப்பது தெரியும், ஆள் என்ன செய்கிறாள் என்பது தெரியாது. அதனால் முதல் காரியமாக, கீபோர்டுக்கு வலது பக்கம் கிடந்த மவுஸைத் தூக்கி, வயரை மானிட்டருக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, இடது பக்கம் கிடந்த புரூப் தாள்களைத் தள்ளிவிட்டு அங்கே வைத்தாள். இடது கையின் நடுவிரல் பட்டனைத் தேடிப் பிடித்தது. போன மாசம் மவுஸைப் பிடித்தாலே சாமியாடின கை இது. இன்றைக்குத் திரையில் அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஏழு சாமான் இடம் மாற வேண்டும். ஆறை இப்போதே முடித்துவிடலாம். ஏழாவதை மட்டும் அண்ணாச்சி வந்த பிறகு, நல்ல நேரத்தில், எல்லாரும் பார்க்க வைக்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்கென்ன, மலையைப் புரட்டுகிற வேலையா என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தக் கூத்து தொடங்கியது செவ்வாய்க்கிழமை. அச்சகத்துக்கு இந்த வருஷம் சுகமில்லை என்று அண்ணாச்சி வாஸ்து பார்க்கிற சங்கரநயினாரைக் கூட்டிவந்தார். நயினார் கட்டிடத்தைச் சுற்றினார், கக்கூஸ் கதவை மாற்றச் சொன்னார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உச்சுக் கொட்டினார், கடைசியில் இந்தத் திரைக்கு முன்னால் வந்து நின்று, "இதுவும் ஒரு மனைதான அண்ணாச்சி, இதுல இருந்துதான பத்திரிகை பூராவும் பிறக்குது" என்றார். சரிதான், பிடித்தது சனி. எது வடக்கு என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து. மானிட்டர் கிழக்கே முதுகைக் காட்டி நிற்கிறது, திரையோ படுக்கை இல்லை, சுவர் மாதிரி நட்டமாக நிற்கிறது. நயினார் திசைகாட்டியைத் திரையில் ஒட்டவைத்துப் பார்த்தார், முள் கிறுகிறுத்தது. பிறகு சுவரில் தொங்கின மாவட்ட மேப்பைப் பார்த்து மனுஷனுக்கு ஞானம் பிறந்தது. மேலே வடக்கு, வலது கிழக்கு. அப்படியானால் மேல் வலது மூலை ஈசான்யம். அங்கே என்ன இருக்கிறது? முப்பிடாதி ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த 'கல்யாணம்' ஃபோல்டர். நாலாயிரத்துச் சொச்சம் கல்யாணப் பத்திரிகை. "அடேயப்பா! ஈசான்யத்துல இம்புட்டுப் பாரமா? விளங்குமா அண்ணாச்சி?" அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. பாரம் இருக்க வேண்டிய இடம் கன்னி மூலை, அதாவது கீழே இடது மூலை. நடுத்திரை பிரம்ம ஸ்தானம், அது துடைத்த மாதிரி காலியாக இருக்க வேண்டும். பிரிண்டர் சூடாகிற வஸ்து, அக்னி மூலை, கீழே வலது. இன்டர்நெட் காற்றில் வருவது, வாயு மூலை, மேலே இடது. குப்பைத்தொட்டி மேற்கோரம். இதையெல்லாம் நயினார் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாள் இப்போது கீபோர்டுக்கு மேலே, செல்லோடேப்பில்.

அவள் இன்டர்நெட் படத்தின் மேல் நடுவிரலை அழுத்திப் பிடித்து மேலே இடது பக்கம் இழுத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. விட்டாள். உட்கார்ந்தது. இதற்கு முன்னால் வலது பட்டனைத் தட்டி, தானாக அடுக்குகிற வசதியை நிறுத்தியிருந்தாள், இல்லாவிட்டால் எதை எங்கே வைத்தாலும் ரேஷன் கடை வரிசை மாதிரி எல்லாம் இடது ஓரத்துக்கு ஓடிவிடும். இது தெரியாமல் நயினார் அன்றைக்குத் தானே ஒன்றை நகர்த்திப் பார்த்துவிட்டு, "பாத்தீரா, கல்யாணம் நகரமாட்டேங்குது, வம்பு பிடிச்ச பாரம்" என்றாரே! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் இந்தப் பெட்டியை அவளுக்கு மேல் தெரிந்தவர் யார்? பொம்பளை, நாற்பத்து நாலு வயசு, பன்னிரண்டாம் வகுப்பு, கணவன் கருத்தப்பாண்டி மினிபஸ் ஓட்டுகிறவன். ஆனால் ஒரு பிள்ளையார் படத்தையும் ரெண்டு வாழை மரத்தையும் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் மண்டபத்தையே எழுப்பிக் காட்டுவாள். கோணல் இருக்காது. சந்திப்பிழை இருக்காது. மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு வந்து எழுதச் சொன்னால், முகம் சுளிக்காமல் ஒன்பது பேருக்கு நடுவில் பத்தாவது ஆளுக்கு இடம் பண்ணிக் கொடுப்பாள். இடம் பண்ணுகிறதுதான் அவள் தொழில். பிரிண்டர் படத்தைப் பிடித்து அக்னி மூலைக்கு இழுத்தாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, விரல் விடவில்லை, ஆறு, ஏழு, இந்தக் கை விடவே விடாது. இந்தக் கையைப் பற்றிக் கவலையே இல்லை.

அந்தக் கைதான். வலது கை மடியில் கிடந்தது, நல்ல பிள்ளை மாதிரி. பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. டம்ளர் பிடிக்கும், கோலம் போடும், எழுதும், மவுஸைச் சட்டுச் சட்டென்று தட்டவும் தட்டும். ஆனால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இரு என்றால் ஆறு எண்ணுவதற்குள் ஆள்காட்டி விரல் தானாக விட்டுவிடும், யாரைக் கேட்டு விடுகிறது என்று தெரியாது. பங்குனி மாசம் ஒரு காலையில் தோசைக்கரண்டி கையில் இருந்து விழுந்தது. எடுத்தாள், விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. அந்த நேரத்தில் அவள் பயப்படவில்லை, கரண்டியைத்தான் வைதாள். தோசை கருகின வாசம் வந்த பிறகுதான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருநெல்வேலி டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, மூளையில பொட்டு அளவு ஒரு அடைப்பு, தப்பிச்சிட்டீங்கம்மா, கை கொஞ்சம் கொஞ்சமா வரும், வராமலும் போகும் என்றார். வராமலும் போகும். அதையும் அதே குரலில்தான் சொன்னார். பன்னிரண்டு நாள் லீவு போட்டாள், டைபாய்டு என்று சொன்னாள். "சொல்லிப்புடு, அண்ணாச்சி தங்கமான மனுஷன்" என்று கருத்தப்பாண்டி தலைதலையாய் அடித்துக்கொண்டான். தங்கமான மனுஷன் என்பதுதானே பயமே! பிச்சைக்கனி பாய் இருபது வருஷம் பேப்பர் வெட்டுகிற மெஷினில் நின்றவர். கண் மங்கி ஒரு நாள் கத்திக்குக் கீழே கையை நீட்டிவிட்டார், நூலிழையில் தப்பினார். அண்ணாச்சி அவரை அனுப்பவில்லை. வாசலில் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் தனி ஃபேன், பதினொரு மணிக்கு வடை. "வாங்க, உக்காருங்க" என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு வருஷமாயிற்று, பாய் ஒரு தாளைத் தொட்டதில்லை. சில நேரம் மெஷின் சத்தம் கேட்டதும் அவர் கை காற்றில் தாளைத் தட்டிச் சீராக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முப்பிடாதி சாப்பிடாமல் டப்பாவை மூடிவைத்தாள். வைது அனுப்பினால் வழக்குப் பேசலாம். பாசத்தோடு ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால் எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது? கயத்தாறுப் பெண் ஒருத்தி வேலை கேட்டு எழுதிக் கொடுத்த தாள் வேறு அண்ணாச்சி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மாசமாக இருக்கிறது. சின்னப் பெண், சிரித்த முகம், ரெண்டு கையும் இருக்கும்.

அதனால்தான் இந்தக் கள்ளத்தனம். ஆறு வாரமாக வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட்டு; ராணியைத் தூக்கி ராஜா மேல், ஜாக்கியைத் தூக்கி ராணி மேல், எல்லாம் இடது கையால். மகள் இளவேனில் காலேஜ் விட்டு வந்து, "எம்மா சீட்டாட்டத்துல இறங்கிட்டா, இனி கோழிச் சண்டைதான்" என்று சிரிப்பாள். முதல் வாரம் சீட்டெல்லாம் வழியிலேயே விழுந்தது. விழுந்ததை எப்படி எடுப்பது என்பதைத்தான் முதலில் படித்தாள், பிடிப்பதை அப்புறம்தான். கடையில் ஆள் இருக்கும்போது வலது கையால் தட்டுவாள். படத்தை நகர்த்த அம்புக்குறிப் பொத்தான், ஃபோல்டரை இடம் மாற்ற வெட்டி ஒட்டுகிற பொத்தான், இழுக்கவே இழுக்காமல் ஒரு தொழிலை ஓட்டினாள். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஒரே ஒரு தடவை அவசரத்தில் பழைய பழக்கம் முந்திக்கொண்டது. ஒரு பெயரைப் பிடித்து இழுத்தாள், விரல் விட்டது, மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமனார் பெயர் விழுந்தது, அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது, அப்படியே மெஷினுக்குப் போய்விட்டது. எண்ணூறு பத்திரிகை. அண்ணாச்சி பெண் வீட்டார் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தார். அந்தக் கும்பிடுதான் இந்த நயினாரைக் கூட்டிவந்தது, இந்தக் கட்டம் போட்ட தாளைக் கூட்டிவந்தது. ஈசான்யத்தில் பாரமாம். பாரம் எங்கே இருந்தது என்று மூணு பேருக்குத் தெரியும்: அவளுக்கு, அவள் வலது கைக்கு, கடவுளுக்கு. ஆனாலும் நெஞ்சின் ஒரு ஓரத்தில் அரித்துக்கொண்டே இருக்கிறது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதை அந்த மூலையில் கொண்டுவைத்தது யார் கை? இதே வலது கை. வச்ச கை, வாங்கிக் கட்டிக்கிட்டதோ? போடீ பைத்தியக்காரி. அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்குக் கை போயிருக்க வேண்டும். போடீ என்று சொன்ன பிறகும் அது போகவில்லை, ஈ மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தது.

ஆறில் மிச்சம் ஒன்று, 'கண்ணீர் அஞ்சலி'. செத்தவர்களுக்கு அடிக்கிற போஸ்டர் பூராவும் அந்த ஃபோல்டரில். அதற்கு நயினார் யோசிக்கவே இல்லை, தெற்கு, எமன் திசை, கீழே நடுவில். முப்பிடாதி அதைப் பிடித்து இறக்கினாள். எத்தனை முகம்! கல்யாணத்துக்கு அவள் அடித்துக் கொடுத்த ஆட்களில் ரெண்டு மூணு பேர் இந்த ஃபோல்டருக்குள்ளும் இருக்கிறார்கள், அதே சட்டை, அதே பவுடர் பூசின முகம். வீட்டார் கல்யாணப் படத்தையே வெட்டிப் போடச் சொல்லுவார்கள். பங்குனியில் அந்தப் பொட்டு இன்னும் கடுகளவு பெரிதாக இருந்திருந்தால் அவள் முகமும் இதற்குள் போயிருக்கும். யார் அடித்திருப்பார்கள்? கயத்தாறுக்காரியா? பூவை எந்தப் பக்கம் வைத்திருப்பாளோ, எழுத்தை எவ்வளவு அப்பியிருப்பாளோ. அந்த நினைப்பில் சாவு பயத்தைவிடத் தொழில் எரிச்சல்தான் முதலில் வந்தது, அது வந்ததும் மனசு லேசாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி தெற்கில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் அவள் வழியைப் பார்த்தாள். கல்யாணம் ஈசான்யத்தில் இருந்து கன்னி மூலைக்குப் போக வேண்டும். குறுக்கே போனால் பிரம்ம ஸ்தானத்தை மிதிக்கும், கூடாது. வலமாக வர வேண்டும் என்று நயினார் தாளில் அம்புக்குறியே போட்டிருக்கிறார்: கிழக்குச் சுவரோடு இறங்கி, தெற்குச் சுவரோடு மேற்கே. தெற்குச் சுவரில் இப்போது யார் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்? கண்ணீர் அஞ்சலி. அதன் மேல் வரும்போது விரல் விட்டால் கல்யாணம் அப்படியே அதற்குள் விழும். நாலாயிரம் கல்யாணமும் எமன் வாயில். அதுவும் அண்ணாச்சி கண் முன்னால், நல்ல நேரத்தில்!

"என்ன மைனி, சீக்கிரமே வந்து ஆளையே காணோமேன்னு பாத்தேன், பெட்டிக்குள்ள போயிட்டிகளோ?"

பொன்னுத்தாயி. மவுஸ் இடது பக்கத்தில் இருக்கிறது. குங்குமம், பூ, சூடம் வைத்த தட்டோடு பொன்னுத்தாயி நடையில் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குள், அவள் கீபோர்டைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, துடைக்கிற மாதிரித் துடைத்து, மவுஸை வலது பக்கம் தள்ளிவிட்டாள். பொன்னுத்தாயி காலியாகக் கிடந்த இடது பக்கத்தில் தட்டை வைத்தாள்.

"அண்ணாச்சி வந்துக்கிட்டிருக்காக. நயினாரு ஃபோன்ல இருப்பாராம், கழுகுமலையில ஏதோ வாசக்கால் வைக்கப் போயிருக்காராம். ஒரே ஒரு சங்கதி சொல்லச் சொன்னாக. சோத்துக் கையாலதான் வைக்கணுமாம்."

"பின்னே, பீச்சாங்கையாலயா வைப்பாக?" என்றாள் முப்பிடாதி. சொல்லிவிட்டுத் தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று தானே அசந்துபோனாள்.

"அதச் சொல்லுங்க. எங்க வீட்டுச் சின்னவன் இடது கையால எழுதுறான்னு டீச்சரே ஒண்ணும் சொல்லல, எங்க மாமியாதான் சூடு வைக்கணும்ங்கா." பொன்னுத்தாயி பூவைப் பிய்த்து மானிட்டர் தலையில் வைத்துவிட்டு விளக்கு எண்ணெய் தேடிப் போனாள்.

சோத்துக் கை. சரி, சோத்துக் கையாகவே இருக்கட்டும். முப்பிடாதி வலது கையைத் தூக்கி மவுஸ் மேல் வைத்தாள். கணக்கு எளிது. ஆறு எண்ணுகிற வரை பிடிக்கும், தப்பினால் அஞ்சு. கிழக்குச் சுவருக்கு ஒண்ணரை, தெற்குச் சுவருக்கு ரெண்டு, மூலை திரும்ப அரை, ஆக நாலு. நாலில் முடித்துவிடலாம், பதற்றப்படாமல் போனால். வெறும் திரையில் அழுத்திக்கொண்டு ஒரு தடவை ஒத்திகை பார்த்தாள், கட்டம் விரிந்துகொண்டே போனது, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, வந்துவிட்டது. இன்னொரு தடவை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பார்த்தாயா? மூணாவது தடவை மூணிலேயே விட்டது. சரி, ஓட ஓடக் களைக்கிறது, மாட்டை வண்டியில் பூட்டுகிற நேரத்தில் ஏன் உழவுக்கு விட்டாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டு கையை மடியில் போட்டுப் பொத்திக்கொண்டாள். ரத்தம் வரட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும். கையை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள், பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு வெளியே மார்கழிக் குளிரில் நின்ற பிள்ளை மாதிரி. அந்தப் பரீட்சையிலும் எல்லாரும் பயந்தார்கள், அவள் பயப்படவில்லை, தெரிந்ததுதானே கேட்பார்கள் என்றாள், தெரிந்ததுதான் கேட்டார்கள். இதுவும் தெரிந்ததுதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் சறுக்கின அடியைத்தான் சொல்லுவார்களே ஒழிய, ஆனை ஆயிரம் அடி சறுக்காமல் நடந்ததை எவன் சொன்னான்? மணி பத்து எட்டு. வாசலில் பாய், "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றார், வந்தது முதலாளி என்று செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தும்.

அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். பொன்னுத்தாயி சூடம் ஏற்றினாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்ததும் நயினார் குரல் கழுகுமலைக் காற்றோடு வந்தது. "அண்ணாச்சி, ராத்திரி பூரா யோசிச்சேன். மனைக்கு உடையவரு நீங்க. பாரத்த நீங்கதான் எடுத்து வைக்கணும்." அப்பாடா. முப்பிடாதி எழுந்து நாற்காலியை விட்டாள். அண்ணாச்சி அறுபத்திரண்டு வயசில் முதல் தடவையாக மவுஸைத் தொட்டார், சூடான பால் சட்டியைத் தொடுகிற மாதிரி. "இது மேல வச்சு, அழுத்திக்கிட்டே, விடாம இழுங்க அண்ணாச்சி. விட்டா அந்த இடத்துலயே விழுந்துரும்." கல்யாணம் நகர்ந்தது. கிழக்குச் சுவரோடு இறங்கியது, அக்னி மூலையில் கொஞ்சம் தடுமாறியது, திரும்பியது. முப்பிடாதி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள், அவர் கைக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல். ஏழு, எட்டு. மவுஸ் கீபோர்டில் போய் முட்டிவிட்டது. இடமில்லை. "தூக்கி வைங்க, அழுத்தினபடியே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி தூக்கினார், தூக்கினதில் விரல் விட்டது. கல்யாணம் கண்ணீர் அஞ்சலிக்குள் போய் விழுந்தது. திரை ஒரு கேள்வி கேட்கவில்லை. விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது.

"எங்க?" என்றார் அண்ணாச்சி. "முப்பிடாதி, எங்க போச்சு?" எங்கே போயிற்று என்று அவருக்கே தெரிந்தது. பொன்னுத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். அவருடைய திருநீற்றுக்கு நடுவில் வேர்வை பொடித்தது. அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், அந்தப் பத்திரிகையும் அதற்குள்தான். அப்போது குங்குமத் தட்டுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் ஒரு கை புகுந்து செய்ததை இல்லையென்று ஆக்குகிற ரெண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தியது. கல்யாணம் திரும்பி வந்து வாயு மூலைக்குக் கீழே, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. ஆறு வாரமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை விழுந்ததை எடுத்த கை. யோசிக்கக்கூட இல்லை, தானாகப் போனது. போன பிறகுதான் முப்பிடாதி பார்த்தாள். இடது கை.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "நீ உக்காரு தாயி. நீயே வை." உட்கார்ந்தாள். இப்போது வழி இன்னும் நீளம்: வலமாக என்றால் வடக்குச் சுவர் முழுக்க, கிழக்கு முழுக்க, தெற்கு முழுக்க. நாலு இல்லை, ஏழு ஆகும். தெரிந்தேதான் வலது கையை வைத்தாள், வேறு எதை வைப்பாள்? ஒண்ணு. ரெண்டு. மூணு. வடக்குச் சுவரின் பாதியில் விரல் விட்டது. கல்யாணம் பொத்தென்று அங்கேயே உட்கார்ந்தது. மறுபடி பிடித்தாள். ஒண்ணு, ரெண்டு. விட்டது. தோசைக்கரண்டி. அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து?"

பொய் சொல்லலாம். வாயில் தயாராகவே இருந்தது. "பங்குனியில இருந்து அண்ணாச்சி."

"டைபாய்டுன்ன?"

"ஆமா அண்ணாச்சி. அது டைபாய்டு இல்ல. அந்த எண்ணூறு பத்திரிகையும் ஈசான்யம் இல்ல. நான்தான்." சொல்லிவிட்டாள். சொன்னதும் அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. "இந்தக் கையில எல்லாம் செய்வேன் அண்ணாச்சி" என்று இடது கையை மேஜை மேல் எடுத்து வைத்தாள். "முந்தி செஞ்சத விடச் சுத்தமா செய்வேன். வாசல்ல மட்டும் உக்கார வச்சிராதீக."

அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பினார். பாய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்து கழுத்தை நீட்டிக்கொண்டு, கை மட்டும் முழங்காலில் இல்லாத தாளைத் தட்டிச் சீராக்கிக்கொண்டு. அண்ணாச்சி அதை இன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். மணி பத்து இருபத்து நாலு. பிறகு குனிந்து மவுஸைப் பிடித்தார். இழுத்தார், வயர் கீபோர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. முறைத்துப் பார்த்துவிட்டு, கீபோர்டை ஒரு கையால் தூக்கி, வயரை அடியில் இருந்து உருவி, மானிட்டருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுவந்தார். இடது பக்கம் குங்குமத் தட்டு இருந்தது. அதை முழங்கையால் தள்ளிவிட்டு மவுஸை அங்கே வைத்தார்.

"நேரம் போகுது" என்றார்.

நடுவிரல் பட்டனைத் தேடிப் பிடித்தது. அழுத்தினாள். கல்யாணம் வடக்குச் சுவரோடு நகர்ந்தது. ஃபோனில் நயினார் கேட்டார், "அண்ணாச்சி, சத்தமே இல்லையே? வச்சாச்சா? சோத்துக் கைதான?"

பொன்னுத்தாயி அண்ணாச்சியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, சூடம் எரிந்துகொண்டிருக்கிறது, வாழ்நாளில் விளக்கு முன்னால் பொய் சொல்லாத மனுஷன்.

"ஆமாவே. சோத்துக் கைதான். நீரு மந்திரத்தச் சொல்லும்."

நயினார் மந்திரம் சொன்னார். ஆறு, ஏழு. ஈசான்யத்தைத் தொட்டுத் திரும்பியது. எட்டு, ஒன்பது, கிழக்கு முடிந்தது. பத்து. தெற்குச் சுவரில் கண்ணீர் அஞ்சலி படுத்திருந்தது. ஒரு விரக்கடை மேலே தூக்கி, அது மேல் படாமல், அதன் தலையைத் தாண்டிக் கொண்டுபோனாள். பன்னிரண்டு. பதிமூணு. பதினாலு. எண்ணுகிற வேலையே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது, நிறுத்திவிட்டாள். கன்னி மூலையில் கல்யாணத்தை இறக்கி வைத்து, விரலை, அவளாக, எடுத்தாள்.

மணி பத்து இருபத்தேழு. அண்ணாச்சி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொன்னுத்தாயியைப் பார்த்தார்.

"அந்தத் தட்டையும் தாளையும் வலது பக்கம் எடுத்து வை. இனிமே இந்தப் பக்கம் எதையும் வைக்காதீக, மவுஸுக்கு இடம் வேணும்."